மற்றும் பலர்

"வீட்டில் பாட்டி முதல் பேத்தி வரையில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சிரித்து மகிழும்படியான பழைய படங்கள் சிலவற்றைச் சொல்லக் கூடாதா?" என்று நேயர்கள் சிலர் எழுதிக் கேட்டிருக்கிறார்கள். ஏழெட்டுப் பெயர்களை எழுதி அனுப்பிவிட்டால் வேலை தீர்ந்தது. ஆனால் வெறும் ஜாபிதா போடுவது மளிகைக் கடை விவகாரம். எந்தப் படம் வீட்டில் ரஸிக்கிறது, எது ரஸிக்கவில்லை, ஏன் என்று யோசிக்கப் புகுந்தால் அது ஒரு சரித்திரமாகவே விரிகிறது. ஆகையால் அந்தச் சரித்திரத்தையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். பொறுமையில்லாதவர்கள் படங்களின் பெயரை மட்டும் பொறுக்கிக்கொண்டு போய்த் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்துவிடலாம், எனக்கு வருத்தமில்லை.

சினிமா என்பது கூட்டத்துக்காகப் பிறந்த கலை. என் தாயார் தம்முடைய சிறு வயதில் படம் பார்த்ததெல்லாம் டூரிங் டாக்கீஸில்தான். கீற்றுக் கொட்டகை, மணல் தரை. ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவே இடுப்பளவு உயரத்தில் ஒரு சுவர். இருப்பதோ ஒரே ஒரு புரொஜெக்டர். ஆகவே சுருள் மாற்றுவதற்காக நடு நடுவே விளக்கைப் போட்டுவிடுவார்கள். ஒரு படத்துக்கு மூன்று நாலு இடைவேளை. முறுக்கும் சோடாவும் விற்பவர்களுக்கு அது தர்ம காலம். மணலைக் குவித்து மேடு கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் பின்னால் இருப்பவர் சண்டைக்கு வருவார். கதாநாயகன் திரையில் தோன்றியதும் கிளம்புகிற ஆரவாரத்தில் அவர் பேசும் முதல் வசனம் யார் காதிலும் விழாது. விழாததைப் பற்றி யாரும் குறைப்பட்டுக்கொண்டதும் இல்லை. அந்த ஆரவாரம் படத்தில் பாதி. வீட்டில் பார்க்கும்போது நமக்குக் கிடைப்பது மீதிப் பாதிதான்.

வீட்டுக்குள் சினிமா ஒரே நாளில் வந்துவிடவில்லை. சென்னையில் 1975-ஆம் வருஷம் ஆகஸ்ட் 15-ந் தேதி தொலைக்காட்சி நிலையம் ஆரம்பமாயிற்று. ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஒரு தமிழ்ப் படம் காட்டுவார்கள். தெருவில் எந்த வீட்டில் பெட்டி இருந்ததோ அந்த வீட்டுக் கூடமே கொட்டகை. வாசலில் செருப்புகள் குவியும். வீட்டுக்காரர் தம் வீட்டிலேயே கடைசி வரிசையில் நின்றுகொண்டு பார்ப்பார். எண்பதுகளில் வீடியோ டெக் வந்தது. கல்யாணம், காதுகுத்து என்றால் டெக்கை வாடகைக்கு எடுத்து வந்து விடிய விடிய மூன்று படம், நாலு படம் போடுவது வழக்கமாயிற்று. 1993-ல் தமிழில் தனியார் தொலைக்காட்சி வந்தது. இப்போது கைபேசிக்குள்ளேயே ஆயிரம் படங்கள் அடைந்து கிடக்கின்றன. கூட்டம் கரைந்து கரைந்து கடைசியில் ஓர் ஆசாமியும் ஒரு கைபேசியும் மட்டும் மிஞ்சி நிற்கிறார்கள்.

இப்படிக் கூட்டம் கரையக் கரைய, யாரும் எதிர்பாராத ஒரு காரியம் நடந்திருக்கிறது. அந்தக் காலத்துப் பட நோட்டீஸ்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கதாநாயகன், கதாநாயகி பெயர்கள் கொட்டை எழுத்தில் இருக்கும். அப்பாவாக வருகிறவர், வில்லன், ஹாஸ்ய நடிகர் எல்லோரும் பொடி எழுத்தில் வரிசையாக நிற்பார்கள். அதற்கும் கீழே "மற்றும் பலர்" என்று ஒரு வரி. வீட்டில் பார்க்கும்போது இந்த வரிசை தலைகீழாகிவிடுகிறது. கதாநாயகன் உருக்கமாக வசனம் பேசும் சமயத்தில் என் மனைவி எழுந்து அடுக்களைக்குப் போய்ப் பாலை இறக்கி வைத்துவிட்டு வருகிறாள். பாலையாவின் குரல் கேட்டால் மட்டும், "கொஞ்சம் நிறுத்துங்கள், நான் வந்துவிடுகிறேன்" என்று உள்ளேயிருந்து சத்தம் வருகிறது. கொட்டகை கடைசி வரியில் போட்டவர்களை வீடு முதல் வரிக்குக் கொண்டுவந்திருக்கிறது என்பது என் கட்சி. கீழே நான் சொல்லும் படங்கள் எல்லாம் அந்தக் கட்சிக்குச் சாட்சிகள்.

சிபாரிசு செய்வதற்கு முன்னால் ஒரு துக்கச் செய்தி. நம்மிடம் மிஞ்சியிருப்பதிலிருந்துதான் நாம் பொறுக்க முடியும். தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31-ந் தேதி வெளியாயிற்று, டி.பி. ராஜலட்சுமி நடித்த படம். அதன் பிரதி இன்று கிடையாது. முப்பதுகளில் வந்த படங்களில் பெரும்பாலானவற்றுக்கும் அதே கதிதான். அந்தக் காலத்து நைட்ரேட் பிலிம் சுலபத்தில் தீப்பிடிக்கும். பிடிக்காவிட்டாலும் நாளடைவில் மக்கித் தூளாகிவிடும். பழைய பிலிமை உருக்கி அதிலுள்ள வெள்ளியை எடுத்து விற்றவர்களும் உண்டு. பூனாவில் தேசியத் திரைப்படக் காப்பகம் ஏற்பட்டது 1964-ல்தான். அதற்குள் போனது போயே போய்விட்டது. எத்தனை "மற்றும் பலர்" அந்தத் தூளோடு போனார்களோ!

மிஞ்சியவற்றில் 'ஹரிதாஸ்' ஒன்று. 1944 தீபாவளிக்குச் சென்னை பிராட்வே கொட்டகையில் ஆரம்பித்து மூன்று தீபாவளிகளைக் கண்ட படம். எம்.கே. தியாகராஜ பாகவதரின் சங்கீதத்துக்காக ஜனங்கள் திரும்பத் திரும்பப் போனார்கள். இன்று வீட்டில் போட்டால் பெரியவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்கள்; குழந்தைகள் எழுந்து போய்விடுவார்கள். குழந்தைகளைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் இந்தப் படத்தில் வரும் என்.எஸ். கிருஷ்ணனையும் டி.ஏ. மதுரத்தையும் பார்க்கும்போது ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். படம் வெளியான சில வாரங்களில் லட்சுமிகாந்தன் கொலை நடந்தது. அந்த வழக்கில் பாகவதரும் கிருஷ்ணனும் கைதானார்கள். 1945-ல் ஆயுள் தண்டனை. வழக்கு பிரிவி கவுன்சில் வரையில் போய்த் திரும்பி, 1947 ஏப்ரலில் விடுதலை கிடைத்தது. பிராட்வே கொட்டகையில் இரவு தவறாமல் சிரிப்பு எழுந்துகொண்டிருந்தது. சிரிக்க வைத்தவர் சிறையில் இருந்தார். அவர் வெளியே வந்த பிறகு எடுத்த 'நல்லதம்பி' (1949) என்னும் படத்துக்கு அண்ணாதுரை கதை வசனம் எழுதினார். அதில் கிருஷ்ணன் செய்கிற கிந்தனார் கதாகாலட்சேபம் ஒன்றுக்காகவே அந்தப் படத்தைப் பார்க்கலாம். நந்தனார் சரித்திரத்தின் பாணியிலேயே, படித்து முன்னுக்கு வருகிற ஒரு பையனின் கதையைச் சொல்வார். மற்றப் பகுதிகளில் பிரசங்கம் சற்று அதிகம்.

ஆனால் ஒரு வீட்டார் முழுவதும் உட்கார்ந்து பார்ப்பதற்கு முதலில் எதைப் போடுவது என்று கேட்டால் நான் தயங்காமல் 'சபாபதி' என்பேன்.

1941 டிசம்பரில் வந்த படம் அது. ஜப்பான் யுத்தத்தில் குதித்திருந்த மாதம். அடுத்த சில மாதங்களுக்குள் சென்னைப் பட்டணத்து ஜனங்கள் குண்டுக்குப் பயந்து, மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு ஊரைக் காலி செய்தார்கள். அப்படிப்பட்ட சமயத்தில் ஏ.வி. மெய்யப்பன் துணிந்து எடுத்தது, யுத்தம், பக்தி, ராஜா, ராணி ஒன்றுமில்லாத ஒரு வீட்டுக் கதை. பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகம். முதலியாரவர்கள் வக்கீல்; பிற்பாடு நீதிபதி. 1891-ல் சுகுண விலாச சபாவைத் தோற்றுவித்து, 'நாடகம் என்றால் கூத்தாடிகள் சமாசாரம்' என்று முகஞ்சுளித்த காலத்தில் படித்த கனவான்களை மேடையேற்றியவர். அதனால்தானோ என்னவோ, அவருடைய நாடகத்தில் அரண்மனைச் சிம்மாசனத்தைவிட வீட்டுக் கூடத்து நாற்காலிக்கு மதிப்பு அதிகம்.

கதை இம்மாத்திரந்தான்: எஜமானர் பெயர் சபாபதி, வேலைக்காரன் பெயரும் சபாபதி. எஜமானருக்குப் பரீட்சை ஏறவில்லை. வேலைக்காரனுக்கு எதுவுமே ஏறவில்லை. எஜமானராக டி.ஆர். ராமச்சந்திரன். ஒல்லி உடம்பு, உருண்டை விழி, எப்போதும் எதையோ தொலைத்துவிட்டவரைப் போன்ற பார்வை. கதாநாயகனுக்குரிய லட்சணம் ஒன்றுகூடக் கிடையாது. அதுவே அவருடைய அதிர்ஷ்டம். கதாநாயகி லக்ஸ் சோப் விளம்பரத்தில் வந்த பத்மா. தமிழ் வாத்தியாராக வந்து மாணவனிடம் படாத பாடு படுகிறவர் கே. சாரங்கபாணி. வேலைக்காரன் காளி என். ரத்தினம். நாடகத்தில் காளி வேஷம் கட்டியதால் அந்த அடைமொழி. அவருக்கு ஜோடி சி.டி. ராஜகாந்தம்.

சோடா உடைக்கும் காட்சியைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள் இருக்க முடியாது. சோடாவை உடைத்துக் கொண்டுவரச் சொல்கிறார் எஜமானர். கோலி சோடாவை "உடைப்பது" என்றால் என்ன என்று நமக்குத் தெரியும். வேலைக்காரனுக்கும் தமிழ் தெரியும், அதுதான் வம்பு. அவன் புட்டியை நிஜமாகவே உடைத்துக் கொண்டுவந்து நிற்கிறான். இதில் சிரிப்பு எங்கே இருக்கிறது? புட்டி உடைவதில் இல்லை. "சொன்னபடி செய்திருக்கிறேன், இன்னும் என்ன?" என்று கேட்பதுபோல் நிற்கிற காளி ரத்தினத்தின் முகத்தில் இருக்கிறது. அந்த முகத்தில் குறும்பும் இல்லை, பயமும் இல்லை. பதினாலு வயதான என் மகள் கறுப்பு வெள்ளைப் படம் என்றாலே ஓடுகிறவள். இந்த இடத்தில் சிரித்துவிட்டு, "இன்னொரு தடவை போடுங்கள் அப்பா" என்றாள். எண்பது வருஷத்துக்கு மேலாகியும் உடைந்த சோடாவில் காஸ் போகவில்லை.

ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். வேலைக்காரனை அசடனாக்கிச் சிரிப்பது என்பது பழைய வீடுகளின் வழக்கம். இன்று நமக்கு அது சில இடங்களில் உறுத்தத்தான் செய்கிறது. ஆனால் படத்தைக் கவனித்துப் பாருங்கள். வசதியும் வாத்தியாரும் வாய்த்த எஜமானர் வேலைக்காரனைவிடப் பெரிய அசடு. அரைகுறை இங்கிலீஷ் படிப்பின்மேல் அந்த நாளில் இருந்த மோகத்தைப் பம்மல் சம்பந்த முதலியார் சிரித்துக்கொண்டே தோலுரித்துவிட்டார். பின்பாதி கொஞ்சம் இழுக்கும். அந்த இடத்தில் காபி போட்டுக்கொள்ளலாம்.

யுத்தத்தினால் பிலிமுக்குப் பஞ்சம் வந்தது. ஒரு படம் 11,000 அடிக்கு மேல் போகக் கூடாது என்று சர்க்கார் கட்டுப்பாடு விதித்தார்கள். நிமிஷத்துக்குத் தொண்ணூறு அடி ஓடும் என்று கணக்குப் போட்டால் சுமார் இரண்டு மணி நேரம். அந்தக் கட்டுப்பாட்டை யாராவது திரும்பக் கொண்டுவந்தால் இன்றைய டைரக்டர்கள் சிலருக்கு நல்லது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. யுத்தம் முடிந்ததும் கட்டுப்பாடு போயிற்று. 1948-ல் வாசனின் 'சந்திரலேகா' வந்தது. 30 லட்சம் ரூபாய்க்கு மேல் செலவானதாகச் சொல்வார்கள். சர்க்கஸ், கத்திச் சண்டை, பிரம்மாண்டமான முரசுகளின்மேல் நின்று பெண்கள் ஆடும் நடனம். இதை மட்டும் கைபேசியில் பார்க்காதீர்கள். முரசுகள் பித்தளைத் தம்ளர் மாதிரி தெரியும்.

கொட்டகை வேறு, வீடு வேறு என்பதற்கு 'அந்த நாள்' (1954) ஒன்றே போதும். பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டை இல்லை. எஸ். பாலசந்தர் டைரக்ட் செய்தார். வீணைக் கலைஞரான அதே பாலசந்தர்தான். அப்போது அவருக்கு வயது 27. சங்கீத வித்துவான் ஒருவர் பாட்டே இல்லாமல் எடுத்த படம்! ஜப்பானின் குரோசாவா எடுத்த 'ராஷோமோன்' என்னும் படத்தின் தூண்டுதலில் பிறந்தது. 1943 அக்டோபரில் சென்னையில் ஜப்பான் விமானம் குண்டு போட்டுவிட்டுப் போன மறுநாள் கதை நடக்கிறது. படம் ஆரம்பித்த உடனேயே ஒரு துப்பாக்கிச் சத்தம். ரேடியோ இன்ஜினீயராக வரும் சிவாஜி கணேசன் செத்து விழுகிறார். பிறகு ஒவ்வொருவரும் ஒரு கதை சொல்ல, ஒவ்வொரு கதையிலும் செத்தவர் வேறு ஆளாகத் தெரிகிறார். கதாநாயகனை முதல் காட்சியிலேயே சுட்டுப்போட்டுவிட்டு, பாட்டும் இல்லை என்றால் கொட்டகை ஜனங்கள் என்ன செய்வார்கள்? படம் ஓடவில்லை.

வீட்டில் அதே படத்தைப் போட்டுப் பாருங்கள். சண்டைக்கும் நடனத்துக்கும் காத்திருக்கும் கூட்டம் இங்கே கிடையாது. ஜன்னல் கதவைச் சாத்திவிட்டு, விளக்கை அணைத்துவிட்டு, நாலு பேர் மட்டும் உட்கார்ந்தால் போதும். சி.ஐ.டி. அதிகாரியாக வரும் ஜாவர் சீதாராமனின் நிதானமான கேள்விகள் நம்மையே கூண்டில் ஏற்றுகின்றன. பண்டரிபாய் மனைவியாக வருகிறார். பிற்காலத்தில் எத்தனையோ படங்களில் கதாநாயகர்களுக்கு அம்மாவாக வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றவர். அவரிடம் எவ்வளவு சக்தி இருந்தது என்பதற்கு இந்தப் படம் அத்தாட்சி. யார் சுட்டது என்பதை நான் சொல்லமாட்டேன். உங்கள் வீட்டில் முன்பே பார்த்தவர்கள் யாராவது இருந்தால் அவர்களை அடுக்களைக்கு அனுப்பிவிடுவது உத்தமம்.

அடுத்து எஸ்.வி. ரங்காராவ். இரண்டு படங்களை அடுத்தடுத்த நாளில் பார்க்க வேண்டும்: 'மிஸ்ஸியம்மா' (1955), 'மாயா பஜார்' (1957). இரண்டும் விஜயா ஸ்தாபனத்தார் தெலுங்கிலும் தமிழிலுமாக எடுத்தவை. இரண்டுக்கும் ஒளிப்பதிவு மார்க்கஸ் பார்ட்லி. மிஸ்ஸியம்மாவின் கதை வங்காளத்திலிருந்து வந்தது. பட்டம் பெற்றும் உத்தியோகம் இல்லாத ஓர் இளைஞனும் ஒரு பெண்ணும், தம்பதிகளுக்கு மட்டுமே தருவதாகச் சொன்ன வாத்தியார் வேலைக்காக, கணவன் மனைவியாக நடிக்கிறார்கள். அவன் இந்து, அவள் கிறிஸ்தவள். வேலையில்லாத் திண்டாட்டத்தைப் பற்றி அந்த வருஷங்களில் வந்த எத்தனையோ அழுகைக் கதைகளைவிட இந்தச் சிரிப்புக் கதை எனக்கு உண்மையாகப் படுகிறது. பானுமதி நடிக்க ஆரம்பித்து, மனஸ்தாபத்தில் விலக, இரண்டாவது வேஷத்தில் இருந்த சாவித்திரிக்குக் கதாநாயகி வேஷம் கிடைத்தது. கோபித்துக்கொள்வதில் இத்தனை விதம் உண்டா என்று அந்தப் பெண் காட்டியிருக்கிறாள். முடிவில் மதப் பிரச்சினையைக் கதாசிரியர் ஒரு தந்திரத்தால் தாண்டிவிடுகிறார். எனக்கு அது திருப்தியில்லை. 1955-ல் வேறு எப்படி முடித்திருக்க முடியும் என்று கேட்டால் பதிலும் இல்லை.

இதில் பள்ளிக்கூடம் வைத்து நடத்தும் பரமசாதுவான ஜமீன்தாராக ரங்காராவைப் பார்த்துவிட்டு, மறுநாள் மாயா பஜாரில் அவரைக் கடோத்கஜனாகப் பார்க்க வேண்டும். பாண்டவர்கள் ஒருவர்கூடத் திரையில் தலைகாட்டாத பாரதக் கதை இது! கல்யாணத்துக்குச் சமைத்து வைத்த விருந்தைக் கடோத்கஜன் ஒருவனே உட்கார்ந்து தீர்க்கும் காட்சியைக் குழந்தைகளுக்குச் சோறு ஊட்டும் நேரத்தில் போடுங்கள், தட்டு காலியாகும். கம்ப்யூட்டர் என்ற பேச்சே இல்லாத காலத்தில், கேமராவின் சாமர்த்தியத்தினால் மட்டும் லட்டு வாய்க்குள் தாவுகிறது. அதைவிடப் பெரிய மாயம் ஒன்று உண்டு. கடோத்கஜன் வத்ஸலாவாக உருமாறி வரும் காட்சிகளில் சாவித்திரி நடிக்கிறார். பெண் உருவத்துக்குள் ரங்காராவ் புகுந்துகொண்டிருக்கிறார் என்று நம்மை நம்பவைப்பது கண்ணும் தோளும் நடையுந்தான். அதற்குக் கேமராத் தந்திரம் எதுவும் இல்லை.

எழுத்தாளர்களுக்கென்றே ஒரு படம் இருக்கிறது. ஸ்ரீதர் முதன்முதலில் டைரக்ட் செய்த 'கல்யாணப் பரிசு' (1959). மூலக்கதை கண்ணீர்க் கடல். அக்காளுக்காகத் தங்கை காதலைத் தியாகம் செய்கிறாள். நாம் கைக்குட்டையைப் பிழிகிறோம். அந்தக் கடலின் நடுவே கே.ஏ. தங்கவேலு ஒரு தெப்பத்தில் வருகிறார். வேலைவெட்டி கிடையாது, ஆனால் மன்னார் அண்ட் கம்பெனியில் பெரிய உத்தியோகம் என்று வீட்டில் அளந்துவிடுகிறார். அதோடு போதாதென்று பிரபல எழுத்தாளர் பைரவன் தாமேதான் என்று வேறு சொல்லிக்கொள்கிறார். மனைவியாக வரும் எம். சரோஜா அதை நம்பிப் பூரித்துப் போகிறார். இந்தக் காட்சிகளைக் கதை எழுதுகிற எவரும் நெஞ்சில் சிறு படபடப்பு இல்லாமல் பார்க்க முடியாது. தங்கவேலு செய்வதெல்லாம் நாங்களும் வீட்டில் செய்வதுதானே? பைரவன் என்று ஒருவர் இருக்கிறார் என்பது மட்டுந்தான் வித்தியாசம்.

இனி, என் மனைவி அடுக்களையிலிருந்து ஓடிவருவாள் என்று சொன்னேனே, அந்த டி.எஸ். பாலையா. 1936-ல் 'சதி லீலாவதி' என்று ஒரு படம், கதை எஸ்.எஸ். வாசன் எழுதியது, டைரக்டர் தமிழ் தெரியாத அமெரிக்கரான எல்லிஸ் டங்கன். எம்.ஜி.ஆர்., என்.எஸ். கிருஷ்ணன், தங்கவேலு, பாலையா எல்லோருக்கும் அதுவே முதல் படம். ஒரே வாசல் வழியாக எத்தனை பேர் உள்ளே வந்திருக்கிறார்கள் பாருங்கள்! பாலையா அதில் வில்லன். அடுத்த வருஷம் 'அம்பிகாபதி'யிலும் வில்லன். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் அந்தக் குரல் சூழ்ச்சிக்கும் மிரட்டலுக்கும் பயன்பட்டது. அதே குரலுக்குள் ஒரு பெரிய ஹாஸ்யக் களஞ்சியம் இருப்பதை 1964-ல் ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' திறந்து காட்டியது.

வண்ணப் படம் என்றால் பெரும்பாலும் ராஜா ராணிக் கதை என்றிருந்த நாளில், ஆழியாறு அணைப் பக்கத்துப் பச்சையையும் சாதாரண மனிதர்களின் சட்டைகளையும் வண்ணத்தில் காட்டிய படம் அது. கோபு எழுதிய ஹாஸ்யம். பெரிய நட்சத்திரம் யாரும் இல்லை; ரவிச்சந்திரனுக்கு முதல் படம். பாலையா பணக்கார எஸ்டேட் முதலாளி. பணத்தைக் கண்டால் வளைகிற முதுகு, பணமில்லாதவனைக் கண்டால் நிமிர்கிற முதுகு. இரண்டும் ஒரே ஆளுடையது. கோடீஸ்வரர் வேஷத்தில் வந்த முத்துராமனிடம் அவர் குழைவதைப் பாருங்கள். அந்தக் குழைவில்கூட அளவு பார்க்கிற வியாபாரி தெரிகிறார். அவருடைய பிள்ளையாக நாகேஷ். 'ஓஹோ புரொடக்ஷன்ஸ்' என்று கம்பெனி வைத்துப் படம் எடுக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு, அப்பாவை உட்காரவைத்துத் திகில் கதை ஒன்று சொல்கிறார்.

இந்தக் காட்சியைக் கொட்டகையில் பார்த்த என் தாயாருக்கு நாகேஷ் மட்டுந்தான் ஞாபகம் இருந்தது. இருட்டு, காற்று, கதவுச் சத்தம் எல்லாவற்றையும் வாயாலேயே செய்கிறாரே, அவரைத்தானே எல்லோரும் பார்ப்பார்கள்? வீட்டில், நாலடி தூரத்தில், பத்தாவது தடவை பார்க்கும்போதுதான் மற்றவர் தெரிகிறார். பாலையா கதை கேட்கிறார், அவ்வளவுதான். முதலில் அலட்சியம், பிறகு ஒரு கண் சுருங்குகிறது, பிறகு நாற்காலியைப் பற்றிக்கொள்ளும் கை, கடைசியில் பிள்ளையிடம் பயந்துபோன குழந்தையின் முகம். ஏறக்குறைய பேச்சே இல்லை. வாயசைக்காமல் ஒரு காட்சியைத் தூக்கி நிறுத்துவதற்கு எவ்வளவு வருஷத்து நாடக அப்பியாசம் வேண்டும்! கேட்கிறவர் அப்படிக் கேட்காவிட்டால் நாகேஷின் கதையில் திகிலே கிடையாது. எழுபது தாண்டிய என் தாயார் இப்போதெல்லாம் இந்தக் காட்சி வந்தால் நாகேஷைப் பார்ப்பதே இல்லை.

'பாமா விஜயம்' (1967) பாலசந்தருடையது. மூன்று பிள்ளைகள், மூன்று மருமகள்கள் உள்ள ஒரு குடும்பத்துக்குப் பக்கத்து வீட்டில் சினிமா நடிகை குடிவருகிறாள். அவளுக்கு முன்னால் பகட்டாக இருக்க வேண்டுமே என்று ஒவ்வொருவரும் கடன் வாங்கிச் சாமான்களை வாங்கி நிரப்புகிறார்கள். அப்பாவாகப் பாலையா. காதலிக்க நேரமில்லையில் பணத்துக்கு வளைந்த அதே மனிதர் இங்கே பிள்ளைகளின் பகட்டைக் கண்டு உள்ளுக்குள் பொருமுகிறார். மாதத் தவணையில் ஏதாவது வாங்கியிருக்கும் குடும்பத்தார் இந்தப் படத்தைச் சற்று ஜாக்கிரதையாகப் பார்க்க வேண்டும்; சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க நேரிடும். எங்கள் வீட்டில் நேர்ந்தது.

படங்களைப் போடும் முன் ஒரு தொழில் யோசனை. பழைய படச் சட்டம் ஏறக்குறைய நாலுக்கு மூன்று என்ற கணக்கில் அமைந்தது. இப்போதைய பெட்டிகள் அதை இரண்டு பக்கமும் இழுத்து அகலமாக்கிக் காட்டும். ரங்காராவுக்கு அது அவசியமே இல்லை. பெட்டியின் அமைப்பை மாற்றி, இருபுறமும் கறுப்புப் பட்டை விழும்படி வைத்துக்கொள்ளுங்கள். விளம்பரத்துக்காக நடுவே வெட்டிய பிரதிகளையும் தவிர்த்துவிடுங்கள். வெட்டுகிறவர்கள் கதாநாயகனை வெட்டுவதில்லை. "மற்றும் பலரை"த்தான் வெட்டுகிறார்கள்.

கடைசியாக 'தில்லானா மோகனாம்பாள்' (1968). கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் தொடராக எழுதிய கதை, ஏ.பி. நாகராஜன் டைரக்ஷன். நீளமான படம், இரண்டு இரவாகப் பிரித்துப் பார்ப்பதுதான் சௌகரியம். சிவாஜி, பத்மினி இருவரையும் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. நாதஸ்வரத்தை உண்மையில் வாசித்தவர்கள் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். சவடால் வைத்தியாக நாகேஷும், ஜில் ஜில் ரமாமணியாக மனோரமாவும் வருகிற இடங்களில் கதாநாயகன் கதாநாயகி ஞாபகமே போய்விடும். பாலையா தவில் வித்துவான் முத்துராக்கு. கச்சேரிக் காட்சிகளில் எல்லோர் கண்ணும் சிவாஜியின் கன்னத்தின் மேலும் விரல்களின் மேலும் இருக்கும். நீங்கள் பக்கத்தில் தவிலோடு இருப்பவரைக் கவனியுங்கள். அடிக்கிற கையைவிட, அடுத்த சொல்லுக்காகக் காத்திருக்கும் அந்த முகத்தைப் பாருங்கள். 1972-ல் பாலையா காலமானார். சென்னையில் தொலைக்காட்சி ஆரம்பமானதற்கு மூன்று வருஷம் முன்னால்.